போர்ஷனில் இல்லாதது

ஜூன் 19

மதிய இடைவேளையில் பவித்ரா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். எங்கள் பள்ளியில் ப்ரீ-கேஜி டீச்சர் ப்ளஸ் டூ பிசிக்ஸ் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டால் தம்பிக்கு டியூஷன் கேட்பதற்காகத்தான் இருக்கும். சனிக்கிழமை பேட்சில் இடமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். நம்ம சஷ்டிகாவப் பத்திங்க."

சஷ்டிகா என் மகள். மூன்றரை வயது. பள்ளி திறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் அவளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

"பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பறதே இல்லீங்க. மத்த பிள்ளைங்க பக்கம் போறதில்ல. குழாயத் தொறந்து தண்ணி விழுகறதையே பாத்துட்டு நிக்கறா. 'தண்ணி வேணுமா'ன்னு கேட்டா, அவளும் 'தண்ணி வேணுமா'ங்கறா. வேணும், வேண்டாம்னு எதுவும் சொல்றதில்லீங்க மிஸ்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "எங்க அக்கா பையனுக்கும் இப்படித்தாங்க இருந்துச்சு. பெரியாஸ்பத்திரில சின்னப் பிள்ளைங்களப் பாக்கறதுக்குன்னே ஒரு மையம் இருக்குதுங்க. சீக்கிரம் காட்டினா பேச்சுக்கு, வெளையாட்டுக்கு எல்லாம் தனியாப் பயிற்சி குடுக்கறாங்க. ஒருக்கா காட்டிருங்க மிஸ்" என்றாள்.

படிப்பு முடித்து இரண்டு வருஷம் ஆகவில்லை, எனக்கு ஆஸ்பத்திரி சொல்கிறாள். "பாக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஆறாவது பீரியடில் போர்டில் ஒரு ஃபார்முலாவையே தப்பாக எழுதினேன். முதல் பெஞ்சில் ஒருத்தி எழுந்து நின்று திருத்தினாள்.

சாயங்காலம் என் கணவர் பூபதியிடம் சொன்னேன். அவர் லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் மல்லாந்து படுத்திருந்தார். சஷ்டிகா அவர் வயிற்றின் மேல். நான் கத்தப் போகிறேன் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும், மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் தோணிட்டேதான் இருந்துச்சு கோகிலா."

"தோணுச்சுன்னா சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ உட்டுருவியா?"

அவர் நாலு வயதில்தான் பேசினாராம், மாமியாரே சொல்லியிருக்கிறார். பிள்ளை அப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறது. இதற்கு ஒரு ஆஸ்பத்திரி.

ஜூன் 27

போய்விட்டு வந்தோம். மையம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், சுவரெல்லாம் முயலும் யானையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. சஷ்டிகா பயந்துபோய் என் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அப்படித்தான், எதற்கு அழுகை வந்தாலும் என் முந்தானைக்குள் வந்துவிடுவாள்.

உள்ளே நஸீமா என்று ஒரு மனநல ஆலோசகர். முப்பது வயதிருக்கும். பாயில் உட்கார்ந்து, ஒரு மரப்பலகையை எடுத்து வைத்தார். வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம் என்று குழிகள், ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிற மரத்துண்டுகள். அப்புறம் அடுக்குகிற கட்டைகள், ஒரு படப்புத்தகம், ஒரு பொம்மை. "மூக்கைக் காட்டு, காதைக் காட்டு" என்று பொம்மையை வைத்துக் கேட்டார். சஷ்டிகா எதையும் தொடவில்லை. மேஜைக்கு அடியில் போய் மல்லாந்து படுத்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காது சுட்டது.

இது முதல் பார்வைதானாம். அடுத்து காது கேட்கிறதா என்று பரிசோதனை. ஆகஸ்ட் எட்டாம் தேதி முழு மதிப்பீடு. அவர், பேச்சுப் பயிற்சியாளர், குழந்தை மருத்துவர் மூன்று பேரும் சேர்ந்து பார்ப்பார்கள். எங்களிடம் கேள்வி கேட்பார்கள், வகுப்பு டீச்சர் எழுதிக் கொடுப்பதையும் வாங்கிக்கொள்வார்கள். தேவைப்பட்டால் காலை நேரக் குழுவில் சேர்த்துப் பயிற்சி.

"இது பரீட்சை இல்லீங்க மேடம். பாஸ், பெயில் கிடையாது. இவளுக்கு எது வருது, எதுக்கு உதவி வேணும்னு தெரிஞ்சுக்கறோம், அவ்வளவுதான்" என்றார் நஸீமா.

பதினோரு வருஷமாகப் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்புகிறவள் நான். பாஸ், பெயில் இல்லாத பரீட்சையை இதுவரை பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் காரில் உட்கார்ந்து, பலகையில் எந்தக் குழி எந்த இடத்தில், புத்தகத்தில் எந்தப் படத்துக்கு அடுத்து எந்தப் படம், பொம்மையில் என்னென்ன கேட்டார், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கேள்வித்தாளை ஒருமுறை பார்த்தால் எனக்குப் போதும். அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.

ஜூலை 2

பலகை வந்துவிட்டது. ஆன்லைனில் அச்சு அசல் அதே பலகை கிடைக்கிறது. கட்டைகளும் வாங்கினேன். படப்புத்தகத்துக்குப் பதிலாக நானே படங்களைப் பிரின்ட் எடுத்து, அதே வரிசையில் ஒட்டிவிட்டேன்.

காலை ஆறிலிருந்து ஆறே முக்கால் வரை பலகை. சாயங்காலம் படம், உடல் உறுப்பு, நிறம். ஞாயிற்றுக்கிழமை ரிவிஷன். சரியாகச் சொன்னால் ஒரு உலர்திராட்சை. திராட்சை என்றால் அவளுக்கு உயிர்.

பூபதி வாசலில் நின்று பார்த்தார். "இதென்ன, எல்கேஜி இன்டர்வியூவா?"

"அதேதான்" என்றேன். நாமக்கல்லில் எல்லா வீட்டிலும் எல்கேஜி இன்டர்வியூவுக்குப் பிள்ளையைத் தயார் செய்கிறார்கள். யாரும் தப்பு என்று சொன்னதில்லை.

ஜூலை 6

காது பரிசோதனை. தூங்க வைக்க மருந்து கொடுத்து, தலையில் ஒயரெல்லாம் ஒட்டினார்கள். காது நன்றாகக் கேட்கிறதாம். சந்தோஷம் வந்தது. காது கேட்கிறது என்றால், கூப்பிடும்போது ஏன் திரும்புவதில்லை என்ற கேள்வியும் கூடவே வந்தது. அதை யோசிக்க நேரமில்லை, நூற்றிருபது ஸ்லிப் டெஸ்ட் பேப்பர் திருத்த வேண்டியிருந்தது.

ஜூலை 15

வட்டம், சதுரம், முக்கோணம் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறாள். நட்சத்திரமும் வந்துவிட்டது. படத்தில் பாதி. பொம்மை வேண்டாம், அவள் முகத்திலேயே தொட்டுக் காட்டப் பழக்குகிறேன். கண், மூக்கு, வாய், காது, தலை, வயிறு. நஸீமா கேட்டது இவ்வளவுதான். கேட்காததைச் சொல்லிக் கொடுத்துக் குழப்பக் கூடாது. மந்தமான பிள்ளைகளுக்கும் நான் இதைத்தான் செய்வேன், முக்கியமான கேள்விகளை மட்டும் பிடித்து அறுபது மார்க் வாங்க வைத்துவிடுவேன்.

மந்தமான என்று எழுதிவிட்டேன். அவளைச் சொல்லவில்லை.

ஜூலை 23

பலகையை எடுக்கும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். இன்று காலைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டியிருந்தது. சோம்பேறித்தனம். மணிக்கட்டைக் கடித்துக்கொள்கிறாள், பல் பதிந்திருக்கிறது. கோபம் வந்தால் இப்படிச் செய்கிற பிள்ளைகள் உண்டு என்று எங்கோ படித்திருக்கிறேன்.

பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பூபதியின் காலை அழுதுகொண்டே கட்டிக்கொண்டாள். அவர் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். ரிவிஷன் நேரத்தில்! திரும்பி வந்ததும் கேட்டேன்.

"நீங்க செல்லங் குடுத்தா நான் எப்படிச் சொல்லிக் குடுக்கறது?"

"அவ பயப்படறா கோகிலா."

"யாரப் பாத்து?"

எப்போதும் வாய் ஓயாத மனுஷர், முக்கியமான நேரத்தில் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

ஆகஸ்ட் 1

வகுப்பு டீச்சர் எழுத வேண்டிய தாளைப் பவித்ராவிடம் கொடுத்தேன். ஸ்டாஃப் ரூமில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

"இப்ப நல்லா முன்னேறியிருக்கா. அதையும் மனசுல வெச்சுட்டு எழுதுங்க பவித்ரா."

"சரிங்க மிஸ்."

"உங்க ப்ரொபேஷன் இந்த மாசம் முடியுதில்ல? தாளாளர் எங்கிட்டதான் கேப்பாரு."

நான் மிரட்டவில்லை. உண்மையைத்தான் சொன்னேன், தாளாளர் என்னிடம்தான் கேட்பார். சாயங்காலமே எழுதிக் கொடுத்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று டிக் போட்டிருந்தது.

ஆகஸ்ட் 8

வரிசையாகவே எழுதுகிறேன்.

நஸீமா பலகையை வெளியே எடுத்துத் துண்டுகளைக் கலைத்து வைத்தார். அவர் ஒரு வார்த்தை பேசுவதற்குள் சஷ்டிகா மளமளவென்று எல்லாவற்றையும் குழியில் போட்டுவிட்டாள். போட்டுவிட்டு, உள்ளங்கையை நீட்டினாள்.

"கைய எதுக்கு நீட்டறா?" என்றார் நஸீமா.

"சும்மா, வெளையாட்டுங்க."

கட்டைகளை அடுக்கினாள், கையை நீட்டினாள். உறுப்புகளை எல்லாம் தொட்டுக் காட்டினாள், கையை நீட்டினாள். ஒவ்வொரு தடவையும் வெறும் கையைப் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டாள். திராட்சை என் கைப்பையில் இருந்தது, எடுக்க முடியுமா?

படப்புத்தகம். நாய், பூனை, பந்து, குடை. பேச்சுப் பயிற்சியாளர் சிரித்தபடி தலையாட்டிக்கொண்டே வந்தார். நஸீமா பக்கத்தைத் திருப்பும்போது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே புரண்டது. திறந்திருந்த பக்கத்தில் சைக்கிள். சஷ்டிகா "மாம்பழம்" என்றாள். அடுத்த தாளில் கப்பல் இருந்தது, அவள் "சைக்கிள்" என்றாள்.

நஸீமா தாளைப் பிரித்துப் பார்த்தார். நடுவில் மாட்டியிருந்த தாளில் மாம்பழம். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வீட்ல இந்தப் பொருளெல்லாம் வெச்சிருக்கீங்களா மேடம்?"

"இல்லீங்க" என்றேன்.

அப்புறம் எங்களிடம் கேள்விகள். தானாகச் சாப்பிடுகிறாளா, பசித்தால் கேட்கிறாளா, மற்ற குழந்தைகளோடு விளையாடுகிறாளா, ஏதாவது ஒன்றைப் பார்த்தால் உங்களுக்கும் காட்டுகிறாளா. ஆமாங்க, ஆமாங்க, ஆமாங்க. பூபதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன சார் சொல்றீங்க?"

அவர் என் பக்கம் திரும்பினார். நான் முகத்தை மாற்றவில்லை. "அவங்கதாங்க கூடவே இருக்காங்க" என்றார்.

மருத்துவர் எல்லாத் தாளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். வயதுக்கேற்ற அளவில்தான் இருக்கிறதாம், இப்போதைக்குச் சிறப்புப் பயிற்சி தேவைப்படவில்லையாம். நஸீமாவுக்குத் திருப்தியில்லை. "ஒருதடவகூட அவ யாரையும் நிமிர்ந்து பாக்கல டாக்டர்" என்றார். என்னிடம், "ஸ்கூல்ல வந்து ஒருநாள் பாக்கட்டுமா?" என்று கேட்டார். எங்கள் பள்ளியில் வெளியாட்களை விட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். "அப்ப ஆறு மாசம் கழிச்சு வாங்க. நடுவுல எதுன்னாலும் நேரா என்கிட்ட வாங்க" என்றார்.

காரில் ஏறியதும் பையிலிருந்த திராட்சை முழுவதையும் சஷ்டிகாவின் மடியில் கொட்டினேன். "பாஸுங்க!" என்றேன். பூபதி வண்டியை எடுத்தார்.

ஆகஸ்ட் 12

ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினேன். பூபதி வரவில்லை. பட்டறையில் வேலையாம்.

ஆகஸ்ட் 30

பலகையைப் பரண்மேல் போட்டாயிற்று. ஆனாலும் நான் அறைக்குள் வந்தால் அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போகிறாள். பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பருவம் வரும்.

செப்டம்பர் 11

காலாண்டுத் தேர்வு ஆரம்பம். எனக்கு மேற்பார்வை டியூட்டி, எட்டு மணிக்குள் போக வேண்டும். இன்று பார்த்தா ஷூ போட மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பாள்? எத்தனை கத்தல்! இடுக்கிப் பிடித்துக்கொண்டுதான் மாட்டினேன். இடது காலை உதைத்துக்கொண்டே இருந்தாள்.

செப்டம்பர் 12

இன்றும் ஷூ. நேற்றைவிட அதிகம். முதுகில் ஒன்று வைத்தேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை, ஆனால் நேரமாகிவிட்டது. பவித்ரா, "இன்னைக்கு முச்சூடும் குழாய்க்கிட்டயே ஒத்தக் கால்ல நின்னா மிஸ்" என்றாள். புது விளையாட்டாக இருக்கும்.

செப்டம்பர் 13

காலையில் உடம்பு கொஞ்சம் சுட்டது. மருந்து கொடுத்து, ஷூவும் மாட்டி, கூட்டிக்கொண்டு போனேன். ப்ளஸ் டூ பிசிக்ஸ் பேப்பர் இன்றுதான், லீவு போட முடியாது. மதியம் காய்ச்சல் ஏறிவிட்டது. கையைக் கடித்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் பள்ளியிலிருந்து நேராகக் கிளினிக்.

டாக்டர் வயதானவர், பிள்ளைகளிடம் பிரியமாகப் பேசுவார். "எங்க வலிக்குது கண்ணு? தாத்தாவுக்குக் காட்டு பாக்கலாம்."

சஷ்டிகா அழுகையை நிறுத்தினாள். முகமெல்லாம் கண்ணீரும் சளியுமாக, கண்ணைத் தொட்டாள். மூக்கைத் தொட்டாள். வாய், காது, தலை, வயிறு. தொட்டுவிட்டு, என் பக்கம் உள்ளங்கையை நீட்டினாள்.

"அடேங்கப்பா, எல்லாந் தெரியுதே! கெட்டிக்காரப் பொண்ணு" என்று சிரித்தார் டாக்டர். தொண்டையைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். சாதாரணக் காய்ச்சல்தான் என்று மருந்து எழுதினார்.

நான் அவள் கையில் எதுவும் வைக்கவில்லை. கை நீண்டே இருந்தது.

செப்டம்பர் 14

பூபதி எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

காலையில் அவர் அவளை மடியில் போட்டுக்கொண்டு வெந்நீரில் துடைத்துக்கொண்டிருந்தார். "கோகிலா!" என்று ஒரு சத்தம். இடது குதிகால் வீங்கி, நடுவில் கருத்து, சுற்றிலும் பளபளவென்றிருந்தது. தொட்டதும் அவள் உடம்பு துடித்தது. கத்தக்கூட இல்லை.

எப்போதும் குதிகாலைத் தூக்கி விரலில்தான் நடப்பாள், அதனால் நொண்டுவது தெரியவில்லை. ஷூ போட்டால்தான் குதிகால் அழுந்தும். மூன்று நாளாக அதை அழுத்தி அழுத்தி மாட்டியது நான்தான். குளிக்க வைத்ததும் நான்தான்.

ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். கண்ணாடித் துண்டு. போன வாரம் சமையலறையில் ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்தேன், பெருக்கிவிட்டோம் என்றுதான் நினைத்தேன். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் சீழ் எலும்பு வரை போயிருக்கும் என்றார் சர்ஜன். "மூணு நாளா வலிக்குதுன்னு சொல்லவே இல்லையா?" என்று கேட்டார்.

எப்படிச் சொல்லுவாள்? பாதத்தை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அது போர்ஷனில் இல்லை. வலிக்கிறது என்ற சொல்லும் போர்ஷனில் இல்லை. கேட்டால் பதில் சொல்லத்தான் பழக்கினேன், தானாக ஒன்றைக் கேட்க அவளுக்கு வராது. அது எனக்கு ஜூன் மாதமே தெரியும். எனக்குத் தெரியும் என்பதைத்தான் இத்தனை நாளாக எழுதாமல் இருந்திருக்கிறேன்.

மயக்கம் தெளிந்து அழுதாள். நான் குனிந்து முந்தானையைப் பக்கத்தில் கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்பாவைத் தேடினாள்.

செப்டம்பர் 15

பிசிக்ஸ் பேப்பரில் எங்கள் செக்‌ஷனில் ஆறு பேர் சென்டம் வாங்குவார்கள் என்று போன் வந்தது. சரி என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 25

கட்டு பிரித்த கையோடு நஸீமாவைப் பார்க்கப் போனேன். தனியாக. பலகையைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். மேஜைமேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். படம் ஒட்டியது, திராட்சை, பவித்ராவின் ப்ரொபேஷன், ஒவ்வொரு கேள்விக்கும் சொன்ன ஆமாங்க. கடைசியாகக் குதிகாலை.

தண்ணீர் கொடுத்தார். தட்டிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் கோபமாக இருந்தார்.

"நீங்க டீச்சர்தானே? கேள்வித்தாள முன்னாடியே பாத்துட்ட பசங்களுக்கு என்ன பண்ணுவீங்க?"

"வேற பேப்பர் குடுத்து மறுபடியும் வெப்போம்."

"என்கிட்ட வேற பேப்பர் இல்லையே மேடம். இந்தப் பலகைய வெச்சு இனிமே இவளப் பத்தி எதுவும் தெரிஞ்சுக்க முடியாது. நாங்க நேர்ல பாக்கறதும் நீங்க சொல்றதும்தான் பாக்கி. நீங்க சொல்றத நான் எப்படி நம்பறது?"

அவர் பழைய தாள்களை எடுத்துப் புரட்டினார். காலை நேரக் குழுவில் இப்போது ஒரே ஒரு இடம்தானாம். வேறு இரண்டு பிள்ளைகளையும் பார்த்து வைத்திருக்கிறார்கள். சஷ்டிகாவுக்குத் தேவையில்லை என்று மருத்துவர் கையெழுத்தே போட்டாயிற்று. அதை மாற்ற வேண்டுமென்றால் புது மதிப்பீடு வேண்டும், அக்டோபர் பதினேழுக்குள்.

"ஸ்கூல்ல வந்து பாக்கணும். உங்க ஸ்கூல்ல உடமாட்டாங்கன்னு சொன்னீங்க."

"உடுவாங்க" என்றேன்.

செப்டம்பர் 27

தாளாளரிடம் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"கோகிலா மிஸ், நம்ம ஸ்டாஃப் பிள்ளைன்னு வெளிய தெரிஞ்சா பேரண்ட்ஸ் என்ன நெனப்பாங்க? பிள்ளைக்கு வேணும்னா வேற ஸ்கூல் பாத்துக்கலாமே."

"பாத்துக்கலாமுங்க சார். என் சென்டம் ரிசல்ட்டையும் அந்த ஸ்கூல்லயே குடுத்துக்கறேன்."

நஸீமா வர அனுமதி கிடைத்தது. நேராக ப்ரீ-கேஜி வகுப்புக்குப் போனேன். குட்டி நாற்காலிகளுக்கு நடுவில் நின்று, பவித்ராவிடம் புதுத் தாளைக் கொடுத்தேன்.

"போனதடவ எழுதுனத மறந்துருங்க. பாத்தத எழுதுங்க."

"நெசமாவே எழுதட்டுங்களா மிஸ்?"

"எழுதுங்க. என்ன மன்னிச்சுருங்க பவித்ரா."

அவள் எழுதி முடிக்கும்வரை அங்கேயே இருந்தேன். ஒவ்வொரு வரிக்கும் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினாள்.

அக்டோபர் 6

நஸீமா பள்ளிக்கு வந்து, வகுப்பின் மூலையில் அரைநாள் உட்கார்ந்திருந்தார். என்னை அந்தப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "கோகிலா மிஸ் பொண்ணா?" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டது காதில் விழுந்தது. விழட்டும்.

அக்டோபர் 17

பலகை இல்லை, புத்தகம் இல்லை. அதே அறை, அதே மூன்று பேர். என்னிடம் நஸீமா ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "எது நடந்தாலும் நீங்க பேசக் கூடாது. எழுந்திருக்கக் கூடாது."

மூடி இறுக்கிய ஒரு கண்ணாடி ஜாடியில் திராட்சை போட்டு நடுவில் வைத்தார்கள். சஷ்டிகா உடனே பார்த்துவிட்டாள். எடுத்தாள், கடித்தாள், உருட்டினாள். திறக்கவில்லை. முனக ஆரம்பித்தாள். பக்கத்தில் இத்தனை பெரியவர்கள் இருக்கிறோம், ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. ஜாடியைத் தரையில் இடித்தாள். தலையையும் இடிக்கப் போனாள், நஸீமா கையை நடுவில் வைத்துத் தடுத்தார்.

'திற' என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவளும் திருப்பிச் சொல்லியிருப்பாள். 'பாஸ்' ஆகியிருப்பாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பூபதி என் தோளைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. கடைசியில் அவள் நஸீமாவின் மணிக்கட்டைப் பிடித்து, ஏதோ ஒரு சாமானை நகர்த்துவதுபோல இழுத்துவந்து மூடிமேல் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் வைத்தாள்.

"நல்லது. இது இருக்கு" என்று நஸீமா திறந்து கொடுத்தார். என் பக்கம் திரும்பி, "உதவி கேக்கணும்னு அவளுக்குத் தெரியுது. எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியல. இதத்தான் நான் ஜூன்லயே பாக்க நெனச்சேன்" என்றார்.

அவ்வளவு பேரில், அவள் தேடிப் போனது என்னிடம் இல்லை. நான்தான் அவளுக்கு மிகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வலித்தது.

பிறகு கேள்விகள்.

"பசிச்சா கேக்கறாளா?"

"இல்லீங்க."

"மத்த பிள்ளைங்களோட வெளையாடறாளா?"

"இல்லீங்க."

"எதையாச்சும் பாத்தா, உங்களுக்கும் காட்டறாளா?"

"இல்லீங்க. ஒருநாளும் காட்டினதில்ல."

பூபதியிடம் தனியாகக் கேட்டார்கள். அவர் இந்தமுறை தரையைப் பார்க்கவில்லை. தெரிந்ததையெல்லாம் சொன்னார், நான் கவனிக்காத பலதையும் சொன்னார்.

"அழுதா யார்கிட்ட வருவா?"

"அவங்கப்பாகிட்டங்க."

"உங்ககிட்ட?"

"முன்னாடி வருவா."

மருத்துவர் பவித்ரா எழுதியதையும், நஸீமா வகுப்பில் பார்த்து எழுதியதையும் படித்தார். மூன்று பேரும் கொஞ்ச நேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். ஆட்டிசத்தின் அடையாளங்கள் தெளிவாக இருக்கின்றன என்று மருத்துவர் எங்கள் இருவரையும் பார்த்து நிதானமாகச் சொன்னார். பயிற்சி அவசியம் தேவை. அந்த இடம் சஷ்டிகாவுக்குத்தான், திங்கட்கிழமையிலிருந்து வரலாம். தேவை என்ற சொல்லைக் கேட்டு இவ்வளவு நிம்மதி வரும் என்று யாராவது ஜூனில் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பூபதி துடைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார்.

நஸீமா ஒரு புதுத் தாளை எடுத்தார். "இப்ப திட்டம் போடணும். முதல் மூணு மாசத்துக்கு என்ன இலக்கு வெக்கலாம்? பெத்தவங்க சொல்றதத்தான் முதல்ல எழுதுவோம்."

வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தேன். பென்சில் பிடிப்பது, பாத்ரூம் போகணும் என்று சொல்வது, பேர் சொன்னால் திரும்புவது. வாயைத் திறந்தபோது அதில் ஒன்றும் வரவில்லை.

"அழுதா எங்கிட்ட வரணுங்க."

அவர் எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கினார். "அளக்கற மாதிரி எழுதணும் மேடம், அப்பத்தான் நடக்குதா இல்லையான்னு தெரியும். வாரத்துக்கு எத்தனை தடவைன்னு போடட்டும்?"

சஷ்டிகா பூபதியின் தோளில் தூங்கிப் போயிருந்தாள். கன்னத்தில் திராட்சைத் துணுக்கு ஒட்டியிருந்தது.

"ஒரு தடவைன்னு போடுங்க" என்றேன்.